தானியமும் சுதந்திரமும்

தன் ஜனங்களுக்கு வேண்டிய தானியத்தைத் தன் களஞ்சியத்தில் வைத்திராத தேசம் பூரண சுதந்திரம் பெற்ற தேசமென்று சொல்வதற்கில்லை. அதற்குக் கொடி இருக்கலாம், பார்லிமெண்டு இருக்கலாம், சைன்யமும் இருக்கலாம். ஆனால் அதன் அடுத்த வேளை உணவு அந்நியனுடைய கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கும். இது வெறும் அலங்காரப் பேச்சன்று. நமது தேசமே அனுபவித்தறிந்த விஷயம்.

அமெரிக்காவின் பி.எல். 480 என்ற சட்டத்தின்படி 1956-ம் வருஷத்தில் நமது சர்க்கார் கோதுமை வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டனர். டாலர் வேண்டாம், ரூபாயே போதும் என்ற சலுகை அப்போது இனித்தது. 1965-லும் 1966-லும் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் கப்பலேறி வந்தது. அச்சமயத்தில் ஜனாதிபதி ஜான்ஸன், நீண்ட கால ஒப்பந்தத்தை நிறுத்தி, சிறிது சிறிதாகத் தாமே உத்தரவிட்டு அனுப்பலானார். விவசாயக் கொள்கையை மாற்றும்படி நம்மை வற்புறுத்தினார். வியட்நாம் யுத்தத்தை இந்தியா கண்டித்ததும் அவருக்குக் கசந்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஆயினும் டில்லியின் குரல்வளையில் அந்நியக் கை இருந்தது.

அக்கையை விலக்கியவர்கள் நமது விவசாயிகளே. உணவு மந்திரி ஸ்ரீ சி. சுப்பிரமணியம் 1966-ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவித்தார். 1965-ல் ஸ்தாபிதமான இந்திய உணவுக் கார்ப்பொரேஷன் தன் முதல் ஜில்லா ஆபீஸைத் தஞ்சாவூரில் திறந்து கொள்முதலில் இறங்கியது. 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாயிருந்த கோதுமை விளைவு 1969-70-ல் 2 கோடி டன்னாக உயர்ந்தது.

எங்கே மலிவோ அங்கே வாங்குவதே புத்திசாலித்தனம், களஞ்சியம் காப்பது வீண் செலவு என்று வாதிப்போர் இன்றும் உளர். அவர்களுக்கு 2008-ம் வருஷமே பதில். உலகில் விளையும் அரிசியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தேசம் விட்டுத் தேசம் விற்பனைக்குச் செல்கிறது. அவ்வருஷத்தில் விளைச்சல் குறையவில்லை. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின; பயந்துபோன பிலிப்பைன்ஸ் கிடைத்த விலைக்கு வாங்கிற்று. ஜனவரியில் டன் 400 டாலர் அளவிலிருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரை எட்டியது. பஞ்சத்தை உண்டாக்கியது வானமன்று, பயம்!

இன்று நிலைமை தலைகீழாகியிருக்கிறது. உலக அரிசி வியாபாரத்தில் சுமார் நூற்றுக்கு நாற்பது பங்கு இந்தியாவினுடையது. 2023 ஜூலை 20-ல் நமது சர்க்கார் பாஸ்மதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் திடீரென்று தடுத்தனர். அடுத்த மாதமே தாய்லாந்து அரிசியின் விலை பதினைந்து வருஷங்களில் காணாத உயரத்துக்கு ஏறியது. 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. சொந்த ஜனங்களுக்கு முதலில் சோறிடுவது சர்க்காரின் கடமை. இதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் நம் அரிசியை நம்பி உலை வைக்கும் ஸெனகலும் பெனினும் என்ன குற்றம் செய்தன? விலை ஏறும் வேளையில் சந்தையை இழந்த நம் விவசாயிதான் என்ன குற்றம் செய்தான்?

ஆகவே சர்க்கார் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். அறுவடைக் காலத்தில் நியாய விலை கொடுத்து நெல்லை வாங்கிக் களஞ்சியத்தை நிரப்பி வைக்கட்டும். இருப்பு எவ்வளவு குறைந்தால் ஏற்றுமதி எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே விதியாக எழுதிப் பகிரங்கப்படுத்தட்டும். ஏழைத் தேசங்களுக்கென ஒரு பங்கை எக்காலத்திலும் ஒதுக்கட்டும். 2023-ல் அத்தேசத்துச் சர்க்கார்கள் கேட்டால் தரப்பட்ட விசேஷ அனுமதி, தயவாக இல்லாமல் உரிமையாகட்டும்.

பிறர் கையை எதிர்பார்த்து நின்ற அவமானத்தை அறிந்தவர் நாம். நம்மை எதிர்பார்த்து நிற்போரை அந்நிலையில் வைப்பது சுதந்திர பாரதத்துக்கு அழகன்று.