டம்ளரின் வாய் வட்டமா?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரிடமாவது ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, 'இயற்கைக் காட்சி ஒன்று வரையுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், வளைந்து வரும் ஒரு ஆறு. ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். வானத்தில் நாலைந்து பறவைகள், எல்லாமே 'வி' எழுத்து மாதிரி. வரைந்தவர் நாகப்பட்டினத்துக்காரராக இருக்கலாம். ஊரிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் மலையே தெரியாது. ஆனாலும் படத்தில் மலை வரும்.

ஏனென்றால் அது பார்த்து வரைந்த படம் இல்லை. மனப்பாடமாக எழுதிய படம். கண் என்றால் இலை வடிவம், நடுவில் ஒரு வட்டம். மரம் என்றால் ஒரு தூண், மேலே ஒரு மேகம். சின்ன வயதில் மனதில் பதிந்துபோன இந்த அடையாளங்களைத்தான் பெரியவர்களான பிறகும் கை எழுதிக்கொண்டிருக்கிறது.

பத்து வயது வாக்கில் பிள்ளைகளுக்கு இது தெரிய ஆரம்பிக்கும். 'நான் வரைஞ்சது நிஜம் மாதிரி இல்லையே' என்று தோன்றும். அந்த நேரம் பார்த்து வீட்டில் யாராவது, 'இது என்னடா, நாயா மாடா?' என்று சிரித்துவிட்டால் முடிந்தது கதை. பென்சிலை வைத்துவிடுவார்கள். அதன்பிறகு ஆயுள் முழுக்க ஒரே பதில்: 'எனக்குக் கை வராது.'

கை வரும், கண்தான் வரவில்லை

இந்தப் பதிலைச் சொல்லும் கைகளைக் கொஞ்சம் கவனித்தால் உண்மை புரியும். விடியற்காலையில் பதினைந்து புள்ளி வைத்து, கோடு எங்கும் அறுந்துபோகாமல் சிக்குக் கோலம் போடுகிறார் ஓர் அம்மா. கண்ணாடியைப் பார்த்து மீசையை ஒரு மயிரிழை பிசகாமல் கத்தரிக்கிறார் அப்பா. இந்தக் கைகளுக்கா கோடு வராது?

பென்சில் ஓவியத்துக்குத் தேவையான கை, கையெழுத்துப் போடுகிற எல்லோரிடமும் இருக்கிறது. இல்லாதது பார்க்கிற பழக்கம். நல்ல செய்தி என்னவென்றால், அது பழக்கம்தான். வரம் இல்லை. எந்த வயதிலும் பழகிக்கொள்ளலாம்.

வின்சென்ட் வான்கா ஓவியராவது என்று முடிவு செய்தது 1880-ல், 27 வயதில். அதற்குமுன் அவர் செய்து பார்த்த வேலைகள் பல. ஆரம்பத்தில் அவர் வரைந்த மனிதர்கள் விறைப்பாக, மரக்கட்டை போல இருப்பார்கள். அவர் சார்ல் பார்க் என்பவரின் பயிற்சிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். மரச்சட்டத்தில் நூல் கட்டி, அதன் வழியாகக் காட்சியைப் பார்த்து அளவு பழகினார். அவருடைய தொடக்கமும் எல்லோருக்கும் போலத்தான்.

நம் ஊரில் சில்பி என்ற ஓவியர் இருந்தார். 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக ஆனந்த விகடனில் அவர் வரைந்த கோயில் சிற்பங்களைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயிலுக்கே போய், சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து வரைவது அவர் வழக்கம். கல்லில் விழும் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பேப்பரில் அது கல்லாக இருக்கும்.

கடைக்குப் போகுமுன்

24 பென்சில் உள்ள பெட்டி வேண்டாம். எச்.பி., 2பி, 4பி என்று மூன்று பென்சில், ஒரு ரப்பர், கோடு போடாத வெள்ளைத்தாள், பரீட்சை அட்டை. இவ்வளவுதான்.

பென்சிலுக்குள் இருப்பதை 'ஈயம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது ஈயம் இல்லை, கிராஃபைட். கிராஃபைட் தூளோடு களிமண் கலந்து சுடும் முறைக்கு, பிரான்ஸைச் சேர்ந்த கோன்டே என்பவர் 1795-ல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகி, கோடு வெளிறி விழும். அது எச் வகை. கிராஃபைட் கூடினால் மென்மையாகி, கோடு கறுப்பாக விழும். அது பி வகை. எண் ஏற ஏற அந்தக் குணமும் ஏறும். முதல் கோட்டுக்கு எச்.பி., நிழலுக்கு 2பி, அடர்ந்த இருட்டுக்கு 4பி.

முதல் பாடம்: காபி டம்ளர்

சமையலறையிலிருந்து ஒரு காபி டம்ளரை எடுத்து மேஜைமேல் வையுங்கள். புதிதாக வரைகிறவர் மேலே ஒரு வட்டம், கீழே ஒரு நேர்க்கோடு, இரண்டு பக்கமும் இரண்டு கோடு போடுவார். டம்ளரின் வாய் வட்டம், அடி மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் அவருக்குத் தெரிந்த உண்மைகள். ஆனால் கண் பார்ப்பது வேறு.

டம்ளரைத் தூக்கிக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அதன் வாய் வெறும் ஒரு கோடாகிவிடும். மெதுவாகக் கீழே இறக்கினால் அந்தக் கோடு திறந்து, ஒடுங்கிய நீள்வட்டமாகி, வரவர அகலமாகும். முழு வட்டம் தெரிய வேண்டுமென்றால் நேர் மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று: டம்ளரின் அடி, வாயைவிடக் கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கிறது. அதனால் அடியின் வளைவு, வாயின் வளைவைவிடக் கொஞ்சம் அதிகமாக உருண்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு அடியில் அந்த வளைவைப் போட்டதும், டம்ளர் மேஜைமேல் உட்கார்ந்துவிடும்.

பல வருஷமாகத் தினமும் இரண்டு வேளை கையில் பிடித்த டம்ளர்தான். ஒரு நாளும் பார்த்ததில்லை.

இரண்டாம் பாடம்: அளவு

சினிமாவில் ஓவியர் என்றால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நீட்டிப் பிடிப்பார். பார்க்கிறவர்களுக்கு அது ஸ்டைல். உண்மையில் அது ஸ்கேல்.

முழங்கை மடங்காமல் கையை நீட்டுங்கள். பென்சிலின் நுனி டம்ளரின் அடியைத் தொடுவதுபோல் கிடையாகப் பிடித்து, அடியின் அகலத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். கையை மடக்காமல் பென்சிலை நிமிர்த்தினால், உயரத்தில் அந்த அகலம் எத்தனை தடவை அடங்குகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றரையா, இரண்டா? அதே கணக்கைத் தாளிலும் வைத்தால் போதும். கை மடங்கினால் அளவு மாறிவிடும். அதில் மட்டும் கவனம்.

மூன்றாம் பாடம்: இடைவெளி

நாற்காலி வரைவது கஷ்டம் என்பார்கள். நாற்காலியை விட்டுவிடுங்கள். அதன் கால்களுக்கு நடுவே தெரியும் தரையை வரையுங்கள். முதுகுச் சட்டங்களுக்கு இடையில் தெரியும் சுவரை வரையுங்கள். நாற்காலிக் கால் எப்படி இருக்கும் என்று மனதுக்குத் தெரியும். அந்தத் துண்டுத் தரை எப்படி இருக்கும் என்று அதற்கு எந்தக் கருத்தும் கிடையாது. அதனால் வேறு வழியில்லாமல் கண் பார்த்ததைக் கை வரைகிறது. இடைவெளிகளை எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தால் நடுவில் நாற்காலி நிற்கும்.

படத்தைத் தலைகீழாக வைத்து வரைவதும் இதே தந்திரம்தான். அமெரிக்காவின் ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் வெளியிட்ட பயிற்சிப் புத்தகம் இதை உலகம் முழுக்கப் பரப்பியது. தலைகீழாக இருந்தால் மூக்கு மூக்காகத் தெரியாது, வெறும் கோடாகத் தெரியும். கோட்டை யாராலும் வரைய முடியும்.

நான்காம் பாடம்: வெளிச்சம்

இதற்கு டம்ளர் வேண்டாம். எவர்சில்வர் எதிரில் இருப்பதையெல்லாம் காட்டி, தொடக்கத்தில் ஆளைக் குழப்பிவிடும். ஒரு முட்டையோ எலுமிச்சம்பழமோ போதும். ஜன்னல் ஓரம் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும்.

கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சில்லறை விவரங்கள் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். அதிகம் வெளுத்த இடம், நடுத்தரச் சாம்பல், அடர்ந்த நிழல், மேஜைமேல் விழும் நிழல். இன்னொன்றையும் தேட வேண்டும். முட்டையின் நிழல் பக்கத்தில், அடி ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய வெளிச்சம் தெரியும். மேஜை திருப்பி அனுப்பும் வெளிச்சம் அது. அதைப் பிடித்துவிட்டால் முட்டை தாளிலிருந்து எழுந்து உருண்டையாக நிற்கும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு, இருட்டுக்குப் பயப்படுவது. படம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். இருட்டைத் தைரியமாக வைத்தால்தான் வெளிச்சம் வெளிச்சமாகத் தெரியும். விரலால் தேய்த்து மழுப்புவதையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்.

செல்போனை என்ன செய்வது?

போட்டோவைப் பார்த்து வரைவது சுலபமாகத் தோன்றும். ஆனால் கேமரா ஏற்கெனவே பொருளைத் தட்டையாக்கிக் கொடுத்துவிடுகிறது. கண் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அது செய்துவிடும். பழகும் காலத்தில் எதிரில் இருக்கும் பொருளே நல்லது.

போனுக்கு வேறு ஒரு நல்ல உபயோகம் உண்டு. வரைந்து முடித்ததைப் படம் எடுத்து, இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். சாய்ந்த டம்ளரும் ஏறி இறங்கிய கண்களும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஓவியர்கள் கண்ணாடியில் காட்டிப் பார்த்த அதே வித்தைதான்.

வாட்ஸ்ஆப் குடும்பக் குழுவில் போடுவதற்கு மட்டும் அவசரம் வேண்டாம். 'சூப்பர்' என்ற பதிலும் எதையும் கற்றுத்தராது, 'இது யாரு?' என்ற பதிலும் கற்றுத்தராது. ஒவ்வொரு படத்திலும் தேதி போட்டு வைத்தால் போதும். கிழிக்கக் கூடாது. தினமும் இருபது நிமிஷம், ஒரு மாதம். முதல் தேதி டம்ளரையும் முப்பதாம் தேதி டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யாருடைய பாராட்டும் தேவைப்படாது.

அடுத்து எது?

டம்ளர், முட்டை, நாற்காலி எல்லாம் முடிந்த பிறகு கைகளை வரையலாம். சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கைகள், மடியில் அசையாமல் கிடக்கும். மாடலுக்கு, தான் மாடல் என்றே தெரியாது.

அளவெடுக்க உட்காரும்போதுதான் தெரியும், மோதிரம் முன்பு போல இறுக்கமாக இல்லை, விரலில் சுற்றி வருகிறது. பச்சை நரம்பு எங்கே கிளை பிரிகிறது, எண்ணெய் தெறித்த தழும்பு எந்த விரலில் இருக்கிறது, சுண்டுவிரல் எப்போதிருந்து இப்படி வளைந்தது. வீட்டில் இருக்கும் ஒருவரை இருபது நிமிஷம் முழுதாகப் பார்த்து எத்தனை வருஷமாகியிருக்கும்?

படம் சுமாராகவே வரட்டும், பரவாயில்லை. அந்தக் கை இனி மறக்காது.