யந்திரங்களுக்குத் தாளம் போடுவது யார்?

கச்சேரியில் வித்வான் ஒரு காலப்பிரமாணத்திலும் மிருதங்கக்காரர் வேறொரு காலப்பிரமாணத்திலும் போவதைக் கேட்டிருப்பீர்கள். (கேட்டதில்லை என்கிறவர்கள் பாக்கியசாலிகள்!) மனிதர்களானால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சமாளித்துக் கொள்வார்கள். முகமே இல்லாத யந்திரங்கள் என்ன செய்யும்?

லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 1967-ஆம் வருஷம் இந்தச் சங்கடம் நேர்ந்தது. பீட்டில்ஸ் கோஷ்டியாரின் ‘எ டே இன் தி லைஃப்’ என்ற பாட்டுக்காக, பிப்ரவரி 10-ந் தேதி நாற்பது வாத்தியக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஆனால் அங்கிருந்த ஒலிநாடாவில் நான்கே தடங்கள். அவற்றில் பாட்டே பெரும்பாலும் இடம் பிடித்துக் கொண்டு விட்டது. நாற்பது பேரை எங்கே உட்கார வைப்பது?

இன்னொரு யந்திரத்தில், வேறு நாடாவில் பதியலாம். அப்புறம் இரண்டையும் சேர்த்து ஓட்டும்போதல்லவா தெரியும் வேடிக்கை! வேகத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் போதும். சற்று நேரத்துக்கெல்லாம் பாட்டு ஒரு வழி, வாத்தியம் ஒரு வழி. அத்தனை பேர் வாசித்ததும் வீண்.

கென் டௌன்ஸெண்ட் என்னும் இஞ்சினீயர் ஒரு யுக்தி செய்தார். முதல் நாடாவில் ஒரு தடத்தைத் தியாகம் செய்து, அதில் வினாடிக்கு 50 அதிர்வுள்ள வெறும் சுருதியைப் பதிந்தார். இங்கிலாந்தின் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறுவது. யந்திரத்தின் மோட்டாரும் அந்தக் கணக்குக்கே பழகியது. அந்தச் சுருதியைப் பெருக்கி, இரண்டாவது யந்திரத்தின் மோட்டாருக்கு ஊட்டினார். முதல் யந்திரம் தயங்கினால் சுருதியும் தயங்கும். இரண்டாவது யந்திரம் சீடப்பிள்ளையைப் போல் கூடவே தயங்கும்! புறப்படுவதை மட்டும் மனிதர்கள்தான் கவனிக்க வேண்டியிருந்தது. நாடாக்களில் குறியிட்டு, இரண்டு யந்திரங்களையும் ஒரே கணத்தில் முடுக்க வேண்டும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. இப்படிச் சேர்ந்து வந்த ஒலிகள் கலப்பு மேஜையில் ஒன்றாயின.

இன்று நாடாவின் இடத்தை எண்கள் பிடித்துக் கொண்டன. எந்தக் குரல் எந்த வழியே போக வேண்டும் என்று பிரித்து விடும் வேலை இப்போதும் கலப்பு மேஜையினுடையதே. பதிவுக் கருவியிலிருந்து திரும்பி வரும் ஒலியை மறதியாய் அதே கருவிக்கு அனுப்பினால் ஊளைதான் கேட்கும். அது உடனே தெரிந்து விடும், திருத்தி விடலாம். கடிகாரத் தகராறுதான் பொல்லாதது. ஒலியை வினாடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக்குகிறார்கள். ஒவ்வொரு கருவிக்குள்ளும் தனித் தனிக் கடிகாரம். அனுப்புகிறது 48,001 என்று எண்ண, வாங்குகிறது 48,000 என்று எண்ணினால், வினாடிக்கு ஓர் எண் அநாதையாகி, இனிய கானத்தின் நடுவே ‘டிக்’ என்று புலம்பும். வினாடிக்கு 48,000 என்று பதிந்ததை 44,100 கணக்கில் ஓட்டி விட்டாலோ, பாட்டு மெதுவாவதோடு சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறங்கி விடும். பாடகி தம் குரலைத் தாமே அடையாளம் காண மாட்டார்!

எனவே, பெரும்பாலும் மேஜையின் கடிகாரத்தையே எஜமானாக்கி, அதன் துடிப்பைக் கம்பி வழியே மற்றக் கருவிகளுக்கு அனுப்புகிறார்கள். பாடகி தொண்டையைச் சரி செய்து கொள்ளும் நேரத்தில், ஒலிப்பதிவாளர் கருவிகளின் சிறு விளக்குகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்து வருவார். பல கருவிகளில் அந்த விளக்கு விட்டு விட்டு எரிந்தால், அந்தக் கருவிக்கு இன்னும் தாளம் பிடிபடவில்லை என்று அர்த்தம்.