கழிவுநீரில் பாசி விளையும், பலன் யாருக்கு?

பாசி வளர்த்துக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது ராணிப்பேட்டைக்குப் புதிதல்ல. இங்குள்ள ஆல்ஜினேட் தொழிற்சாலை ஒன்று பல ஆண்டுகளுக்கு முன்பே தன் அமிலக் கழிவுநீரை இப்படிச் சரிசெய்யத் தொடங்கியது. ரசாயனம் கொட்டிச் சமன்செய்யும்போது குவியும் கசடு இதில் வெகுவாகக் குறைகிறது.

கசடு என்ன செய்யும் என்பதை இந்த ஊர் அறியும். 2015 ஜனவரி 31 அதிகாலை, சிட்கோ வளாகத்தில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஊர்ச் சாக்கடைக்கும் இம்முறை பொருந்தும். சாக்கடையிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உண்டு பாசி வளர்கிறது. வெயிலில் அது வெளிவிடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. குளத்தின் ஆழம் ஓரிரு அடிதான், திறந்தவெளி. மூடிய தொட்டியில் ஆளைக் கொல்லும் விஷவாயு இங்கே தேங்க வழியில்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 2014-ல் 10 லட்சம் ரூபாயாக நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தும் சாவு நிற்கவில்லை. தமிழகத்தில் சாகிறவர்கள் பெரும்பாலும் தலித்துகள், குறிப்பாக அருந்ததியர்கள்.

ஆனால் பாசி மட்டும் இதை மாற்றிவிடாது. குளத்துக்கு வருமுன் கழிவுநீர் தேங்கும் தொட்டியில் கசடு படியத்தான் செய்யும். அதை எந்திரம் எடுக்க வேண்டும். அறுவடையும் எளிதல்ல. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் பாசிகூடத் தேறுவது அரிது. வடிகட்டும் கருவிக்குச் செலவழிக்காமல் ஒப்பந்தக்காரர் கையில் விட்டால், வாளியோடு இறங்குவது பழைய ஆட்களாகவே இருப்பார்கள். குளத்துக்கு இடமும் அதிகம் வேண்டும். அந்த இடத்தைக் காலனி ஓரத்தில் தேடும் பழக்கம் நம் நிர்வாகங்களுக்கு உண்டு.

வீட்டுக் கழிவுநீரில் விளையும் பாசி, பரிசோதித்த பின் உரமாகும், எரிவாயுவும் தரும். தோல் ஆலைக் கழிவில் விளைந்தால் குரோமியம் ஏறியிருக்கும். அதை வயலுக்கு அனுப்பக் கூடாது.

ஆகவே உள்ளாட்சிகள் இத்திட்டத்தைத் தொடங்கும்போது மூன்றை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்: கசடு அள்ளவும் பாசி அறுக்கவும் எந்திரம், காலனியை ஒட்டாத இடம், பராமரிப்பும் விற்பனை வருவாயும் தூய்மைப் பணியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. கழிவாக இருந்தவரை அது அவர்கள் வேலை என்றார்கள். காசாகும்போது அவர்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லக் கூடாது.