மேட்டில் ஒரு மணி நேரம்

உப்பூரில் அண்ணாந்து பார்க்க ஒரு குன்றும் கிடையாது. கிழக்கே கடல், மற்றபடி உப்பளமும் பனையும் சமதரையும்தான். வெயிலுகந்த விநாயகரின் கருவறைக்கு மேற்கூரைகூட இல்லை. ஆகவே எங்களுக்கு மலை என்றால் கொடைக்கானல். கோடை விடுமுறை நெருங்கினால் வேன் பேசுவதும், ஒரே நாளில் பதினொரு 'பாயிண்ட்' என்று பட்டியல் போடுவதும் தொடங்கிவிடும்.

நானும் அப்படிப் போனவன்தான். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பில் அமைத்த நடைபாதை கோக்கர்ஸ் வாக். வானம் தெளிந்திருந்தால் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெரியும். நாங்கள் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. எதிரே மூடுபனி மட்டுமே. அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டு அடுத்த பாயிண்டுக்கு ஓடினோம்.

சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. பலர் அதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டிகள் ஏறவேண்டும். ஆனால் ஒரு காட்சியின் முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை எந்த ஆணையும் சொல்லாது. அதை நாம்தான் திட்டத்தில் சேர்க்கவேண்டும்.

அதற்குப் பழக்கம் தேவை. மலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை ராமேஸ்வரத்துக் கெந்தமாதன பர்வதத்துக்குப் போய்வரலாம் என்பது என் யோசனை. பெயர்தான் பர்வதம், உண்மையில் மணல்மேடு. ராமர் பாதம் இருக்கும் மண்டபத்தின் மேல்தளம் வரை ஏறினாலும் மூச்சு வாங்காது. அதே தீவில் 323 மீட்டர் உயரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் நிற்கிறது. அதைப் பார்க்கலாம், அதில் ஏறிப் பார்க்க நமக்கு வழியில்லை. இந்தச் சிறு மேடோ ராமநாதசுவாமி கோயில் கோபுரத்தையும் மரங்களையும் அவற்றுக்கு அப்பால் கடலையும் ஒருசேரக் காட்டிவிடுகிறது. வடக்கே விரிவது பாக் நீரிணை.

சென்ற முறை அக்காள் மகனை அழைத்துப் போயிருந்தேன். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது, கூட்டமில்லை. ஒரு மணி நேரம் நின்றோம். முதலில் சலித்துக்கொண்டவன், பிறகு வடக்கே பார்த்தபடி கேட்டான்: "மாமா, நம்ம ஊருல இருக்கிறதும் இதே கடல்தானா?"

பிறந்ததிலிருந்து அதன் கரையில் விளையாடுகிறவன் அவன்.

வீடு திரும்பியதும் இந்த ஆண்டுக்கான கொடைக்கானல் பட்டியலை எடுத்தேன். பதினொன்றில் ஒன்பதை அடித்துவிட்டேன். மீதி இரண்டுக்கும் ஒவ்வொரு விடியற்காலை.