தேங்கும் பெட்டகங்களே ஆபத்து: புதிய துறைமுகப் பாதுகாப்பு அமைப்பு கவனிக்குமா?

-நமது நாடாளுமன்ற நிருபர்-

புது தில்லி: துறைமுகங்களின் பாதுகாப்புக்கென்றே தனி அமைப்பை ஏற்படுத்தப் போவதாக மத்திய அரசு 2025 டிசம்பரில் அறிவித்தது. விமான நிலையங்களின் பாதுகாப்பை மேற்பார்வையிடத் தனிப் பிரிவு இருப்பதைப் போல, துறைமுகங்களுக்கும் கப்பல்களுக்கும் இந்த அமைப்பு இருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய வணிகக் கப்பல் சட்டமே இதற்கு அடிப்படை. பிகார் வாக்காளர் பட்டியல் பிரச்னையில் எழுந்த அமளிக்கிடையே மக்களவையில் அச்சட்டம் நிறைவேறியதால், துறைமுகத்தில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்ற கேள்வி அங்கு விரிவாக அலசப்படவில்லை.

அக்கேள்விக்கான விடை மும்பை கோவண்டி வட்டாரத்தில் வசிப்பவர்களுக்குத் தெரியும். செம்பூர், மான்குர்ட், சீத்தா கேம்ப் எனத் தமிழர்கள் திரளாக வாழும் பகுதிகளை ஒட்டியது கோவண்டி. ஒருபுறம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலை, பாபா அணு ஆராய்ச்சி மையம். தென்மேற்கே சிவ்ரியில் மும்பைத் துறைமுகக் கிடங்குகள். விரிகுடாவின் மறுகரையில் நவா சேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம். வாஷி பாலம் கடந்து நகருக்குள் வரும் சரக்கு லாரிகளுக்கும் இதுவே வழி.

13 ஆண்டுகள் கிடந்த விஷவாயு: 2010 ஜூலை 14 அன்று சிவ்ரி, ஹாஜி பந்தரில் உள்ள துறைமுகக் கிடங்கில் குளோரின் வாயு கசிந்து பலர் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த உருளைகளை எவரும் கடத்தி வரவில்லை, ஒளித்தும் வைக்கவில்லை. இறக்குமதி செய்தவர் எடுத்துச் செல்லாததால் 1997 முதல் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தவை அவை.

தமிழகத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. 2015-ல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட், 37 பெட்டகங்களில் சென்னை மணலியில் ஐந்து ஆண்டுகள் இருந்தது. 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகத்தில் தேங்கியிருந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே, மணலி சரக்கு அவசர அவசரமாக ஹைதராபாதுக்கு அனுப்பப்பட்டது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. இறக்கிய 30 நாள்களுக்குள் எடுக்கப்படாத சரக்கை, உரிய அறிவிப்புக்குப் பின் சுங்க அதிகாரியின் அனுமதியுடன் விற்கலாம் என்கிறது 1962-ம் ஆண்டின் சுங்கச் சட்டம். பறிமுதல் செய்த அபாயகரமான பொருளை வழக்கு முடியும் முன்பே அகற்றவும் அதில் இடமுண்டு. ஆனால் கிடங்கு ஒருவர் பொறுப்பு, அனுமதி வேறொருவர் பொறுப்பு, வெடிபொருள் என்றால் மூன்றாவது துறை என்று பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. நாள் கடந்த சரக்குக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது விபத்துக்குப் பின்பே தேடப்படுகிறது.

எல்லாவற்றையும் சோதிக்க முடியுமா?: ஜவாஹர்லால் நேரு துறைமுகம் 2024-25-ல், 20 அடிப் பெட்டகக் கணக்கில், சுமார் 73 லட்சம் பெட்டகங்களைக் கையாண்டது. நாளொன்றுக்குச் சராசரி 20 ஆயிரம். அத்தனையையும் ஸ்கேனர் வழியே அனுப்பினாலும், ஒவ்வொரு படத்தையும் பார்த்து முடிவு செய்ய மனிதக் கண் வேண்டும். தன் நாட்டுக்கு வரும் பெட்டகம் ஒவ்வொன்றும் 2012-க்குள் புறப்படும் துறைமுகத்திலேயே சோதிக்கப்பட வேண்டும் என்று 2007-ல் சட்டம் இயற்றிய அமெரிக்காவே, அக்கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளி வைத்தது.

வர்த்தகம் முடங்கினால் ஏற்படும் இழப்பையும் மும்பை அறியும். 2010 ஆகஸ்ட் 7-ல் "எம்.எஸ்.சி. சித்ரா" கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதிச் சாய்ந்தபோது, அதிலிருந்த பெட்டகங்கள் கடலில் சரிந்து மிதந்தன, இரு துறைமுகங்களிலும் கப்பல் போக்குவரத்து சில நாள்கள் நின்றது.

எனவே, தேர்ந்தெடுத்துச் சோதிப்பதே நடைமுறைக்கு உகந்தது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ராவில் சுமார் 3 ஆயிரம் கிலோ ஹெராயின் சிக்கியது, வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்துக்குக் கிடைத்த தகவலால்தான். விஜயவாடா முகவரி கொண்ட நிறுவனம், ஆந்திரத் துறைமுகங்களையும் சென்னையையும் விட்டுவிட்டு முந்த்ராவில் டால்க் கற்களை இறக்குவானேன்? ஆவணத்தைப் பார்த்தாலே எழ வேண்டிய சந்தேகம் இது.

வேகமும் பாதுகாப்பே: நன்னடத்தை உள்ள இறக்குமதியாளர்கள் கப்பலிலிருந்து இறங்கிய சரக்கைத் துறைமுகத்திலிருந்தே நேரடியாக எடுத்துச் செல்லும் முறை நவா சேவாவில் 2016 முதல் விரிவுபடுத்தப்பட்டது. வணிகர்களுக்கான சலுகையாக மட்டும் இதைக் கருதுவது சரியல்ல. விரைவில் வெளியேறும் ஒவ்வொரு பெட்டகமும் தேக்கத்தைக் குறைக்கிறது. சந்தேகத்துக்குரிய பெட்டகத்தைத் திறந்து பார்க்க அதிகாரிக்கு நேரம் தருகிறது. நம்பிக்கைப் பட்டியலில் உள்ள பெயரைப் பிறர் பயன்படுத்திவிடாமல் அவ்வப்போது சரிபார்ப்பது மட்டும் அவசியம்.

துறைமுகங்களின் பாதுகாப்பை மதிப்பிட்டுத் திட்டம் வகுக்கும் பணி மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் தரப்பட்டிருக்கிறது. வாயிலுக்கும் மதிலுக்கும் அது போதும். கிடங்குகளுக்கு அது போதாது. 30 நாள் கடந்த அபாயகரமான சரக்கின் பட்டியலைத் துறைமுகவாரியாக வெளியிடவும், அதை அகற்ற ஒரே அதிகாரியைப் பொறுப்பாக்கவும் புதிய அமைப்புக்கு அதிகாரம் வேண்டும். அப்பட்டியலை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவையில் வைக்குமாறு உறுப்பினர்கள் கேட்கலாம். அதற்கு அமளி தேவையில்லை. கேள்வி நேரமே போதும்.