மத்தாப்புச் சிவப்பும் முறிந்த எலும்பும்

சிவகாசி மத்தாப்பில் அந்த ரத்தச் சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்சியம் உப்பு. ஸ்காட்லாந்தில் ஈயச் சுரங்கம் இருந்த ஸ்ட்ரான்ஷியன் என்ற சிற்றூரின் பெயர்தான் இந்தத் தனிமத்துக்கு வந்தது. இப்போது அதை முறிந்த எலும்புக்குள் வைக்கிறார்கள்.

பழைய செய்திகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் சற்றுக் கலவரமூட்டும். 1958 முதல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார்கள். சுமார் 3 லட்சம் பற்கள். அணுகுண்டுச் சோதனைகள் கக்கிய ஸ்ட்ரான்சியம்-90 பாலின் வழியே பற்களில் குடியேறியிருந்தது. அது கதிரியக்க வகை. மருத்துவர்கள் பயன்படுத்துவது கதிரியக்கம் இல்லாத சாதாரண ஸ்ட்ரான்சியம். ஆனால் இரண்டும் எலும்பைத் தேடிப் போவதற்குக் காரணம் ஒன்றே. தனிம அட்டவணையில் இது கால்சியத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. உடம்பு தம்பியை அண்ணன் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறது.

விபத்திலோ, கட்டியை அகற்றும்போதோ எலும்பில் பெரிய பள்ளம் விழுந்தால் அது தானாக மூடாது. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி நிரப்புவதே நெடுநாள் வழக்கம். உயிருள்ள செல்களோடு வருவதால் அதுதான் இன்றும் முதல் தரம். ஆனால் இன்னொரு காயம், இன்னொரு வலி, கிடைப்பதும் கொஞ்சம்தான். எனவேதான் கால்சியம் பாஸ்பேட் குறுமணிகளும், 1969ல் அமெரிக்காவின் லாரி ஹென்ச் உருவாக்கிய, எலும்போடு பிணையும் கண்ணாடியும் வந்தன.

இதை 'எலும்பு ஒட்டு' என்று தமிழில் எழுதுகிறோம். எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஒட்டு மாங்கன்றில் ஒட்டிய கிளை கடைசிவரை இருந்து காய்க்கும். இங்கே வைத்த பொருள் மெல்லக் கரைந்து, சொந்த எலும்புக்கு இடம் விட்டுப் போகவேண்டும். கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி.

இந்தச் சாரத்தில் கால்சியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஸ்ட்ரான்சியத்தைச் சேர்த்தால்? எலும்பில் கட்டும் செல்களும் உண்டு, கரைக்கும் செல்களும் உண்டு. ஸ்ட்ரான்சியம் முதல் வகையை ஊக்கி, இரண்டாவதை அடக்குகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்ட்ரான்சியம் கலந்த கண்ணாடியை வைத்து இதைச் செல்களில் காட்டினார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எலும்பு மெலிந்த எலிகளிடம் ஸ்ட்ரான்சியக் குறுமணிகளைச் சோதித்திருக்கிறார்கள். கால்சியத்தைவிடக் கனமான அணு என்பதால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவது ஒரு சின்ன லாபம்.

ஏன் மாத்திரையாகவே கொடுக்கக்கூடாது? கொடுத்தார்கள். ஸ்ட்ரான்சியம் ரானலேட் என்ற மருந்துக்கு 2004ல் ஐரோப்பா அனுமதி தந்தது. எலும்பு மெலிந்த பெண்களுக்கு முறிவு குறைந்தது உண்மை. ஆனால் மாரடைப்பு ஆபத்து கூடுவது தெரிந்ததும் 2014ல் கடும் நிபந்தனைகள் வந்தன. 2017ல் அதை உருவாக்கிய பிரெஞ்சு நிறுவனமே தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். பள்ளத்தில் வைத்த குறுமணியிலிருந்து கசிவது பெரும்பாலும் அங்கேயே வேலை செய்யும் என்பதுதான் இப்போதைய நம்பிக்கை.

அளவு முக்கியம். ஸ்ட்ரான்சியம் மிஞ்சினால் எலும்பு சரியாகக் கெட்டிப்படாமல் மென்மையாகிவிடும்; சிறுநீரகம் பழுதானவர்களிடம் இந்தப் பயம் அதிகம். மேலும் இதுவரை கிடைத்த நல்ல செய்திகளில் பெரும்பங்கு ஆய்வுக்கூடத்திலிருந்தும் எலி, முயல்களிடமிருந்தும் வந்தவை. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் குறைவு, அவையும் சிறியவை.

ஆகவே அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டப்போகும் குடும்பம் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். ஸ்ட்ரான்சியம் இல்லாத குறுமணி இந்த இடத்துக்குப் போதாதா? நோயாளியின் இடுப்பெலும்பையே எடுத்து வைக்க முடியாதா? இரண்டாவதற்கு வலி உண்டு. பொருளுக்கு விலை கிடையாது.