நிறுத்திவைத்த பெறுபேறும் குறைந்த பெறுபேறும்

2024 மே 31ஆம் திகதி உயர்தரப் பெறுபேறுகள் வெளியானபோது திருகோணமலை ஸாஹிராக் கல்லூரி மாணவிகள் 70 பேரின் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காது தெரியாதபடி தலையை மூடியிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சமூகமே கொதித்தெழுந்தது. நானும் எழுதினேன். பின்னர் பெறுபேறுகள் விடுவிக்கப்பட்டன.

ஆனால் பெறுபேறு ஒழுங்காக வந்தும், அது குறைந்துபோனதால் வருடாவருடம் வீட்டோடு முடங்கும் பிள்ளைகளுக்காக யாரும் அறிக்கை விடுவதில்லை. துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு வாப்பா அண்மையில் மகளின் பெறுபேற்றைக் காட்டினார். "ஒரு சி, ரெண்டு எஸ். இனி மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான்." அதே தாளிலிருந்த இஸட் புள்ளியை அவர் கவனிக்கவேயில்லை.

பல்கலைக்கழகத் தெரிவைத் தீர்மானிப்பது அந்தப் புள்ளிதான். ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 10 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 எடுத்தவர் சி சித்தி. இஸட் புள்ளி 1. வேறொரு பாடத்தின் சராசரி 65, விலகல் அதே 10. அங்கே 70 எடுத்தவர் பி சித்தி. இஸட் புள்ளியோ 0.5தான். எழுத்தைப் பார்த்துப் பிள்ளையை எடைபோடுவது எவ்வளவு பிழை!

அதற்கு மேல் மாவட்டக் கணக்கும் உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்த 16இல் ஒன்று. கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து இங்கே அழுவதில் அர்த்தமில்லை.

உண்மையாகவே குறைந்திருந்தால்? பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை தோற்றலாம். ஆனால் சறுக்கிய பாடத்தை மட்டும் எழுதிச் சரிக்கட்ட முடியாது; மூன்று பாடங்களையும் ஒரே அமர்வில் எழுத வேண்டும். நன்றாகச் செய்த பாடத்தையும் விட்டுவிடாமல் படிக்கத்தான் வேண்டும். சந்தேகமிருந்தால் மீளாய்வுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குக் காலக்கெடு உண்டு. வீட்டில் சண்டை ஓயும்வரை அது காத்திருக்காது.

எந்தப் பாடம் மகளைக் கீழே இழுத்தது என்று அந்த வாப்பாவிடம் கேட்டேன். தெரியவில்லை என்றார். அவளிடமே கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.